பொருணூற் பேராசான் ஆடம் ஸ்மித்

மக்களை வருத்தும் துன்பங்கள் பலவற்றுள்ளும் வறுமை தலையாயது. பிற துன்பங்கள் ஒருவனையே பற்றும். வறுமையோ அவனையும் அவன் மனைவி மக்களையும் ஒருங்கே பற்றி, உடலோடு உள்ளத்தையும் வாட்டுவது. இதனை நீக்கும் வழி யாது என்னும் வினா அறநூலாரையும் அரசியலாரையும் தொன்றுதொட்டு ஆட்கொண்டு வந்திருக்கின்றது. இரப்பார்க்கு ஈதலே வழி என்றனர் சிலர். அரசே அனைத்தையும் கைக்கொண்டு யாவர்க்கும் பகுத்தளித்தல் வேண்டும் என்றனர் வேறு சிலர். உழைப்பையும் வாணிகத்தையும் தடையின்றி நடைபெற விடின் நாட்டிற் செல்வம் பெருகும், அச்செல்வம் ஏழையின் குடிலையும் சென்றெட்டும் என்று விரிவாக ஆராய்ந்து நூலியற்றியவர் ஸ்காத்லாந்து நாட்டுப் பேரறிஞர் ஆடம் ஸ்மித் ஆவர்.

இவர் பெயரைக் கேளாதார் கல்லூரிகளில் இலர். இவர் நூலைப் பயின்றாரோ சிலரே. செல்வர்க்கும் ஆலை முதலாளிகட்கும் பரிந்து பேசியவர் இவர் என்று பலரும் எண்ணுகின்றனர். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். இவருடைய வரலாற்றையும் நூல்களையும் ஓரளவு கற்ற பின்னரே அவ்வெண்ணம் பிழைபட்டதென உணர்ந்தேன். அங்ஙனம் உணர்ந்ததனை அன்பர்கட்கு எடுத்துரைத்தலே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

எடின்பரோ நகருக்கு எதிரே, போர்த் என்னும் கழிமுகத்தின் வடகரையில், கர்க்காடி என்னும் சிறு துறைமுகப் பட்டினம் உளது. அங்கே 1723-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5-ஆம் நாள் இவருக்கு ஞானஸ்நானம் அளிக்கப்பெற்றது. இவர் பிறந்த நாள் இன்னதென எழுதி வைத்தாரில்லை. இவர் தந்தையார் அப்பட்டினத்துச் சுங்க அதிகாரியாய் இருந்தவர். மகன் பிறப்பதற்குச் சில திங்கள் முன்னரே அவர் இறந்துபோயினார். ஆகவே, தந்தையின் முகம் காணாத இப்பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு முழுவதும் அன்னையாராகிய மார்கரெட் டக்ளஸ் அம்மையாரைச் சார்ந்தது. அம்மையார் மறுமணம் புரிந்திலர். ஸ்மித்தோ மணமே செய்துகொண்டிலர். தாயும் மகனும் ஒருவர்க்கொருவர் துணையாய் வாழ்ந்த வாழ்க்கை அறுபதாண்டு நீடித்தது. மூன்று நான்கு வயதளவில் இவரை நாடோடிக் கூட்டத்தார் கவர்ந்து சென்றனரென்றும், உறவினர் விரைந்து தொடர்ந்து மீட்டனரென்றும் ஒரு வரலாறு வழங்குகின்றது.

கர்க்காடி செல்வம் மிக்க ஊரன்று. உப்புக் காய்ச்சுதலும், நிலக்கரி அகழ்தலும், ஆணி அடித்தலும் அப்பக்கத்து மக்களின் தொழில்களாம். ஆணித்தொழிலன்றி வேறொன்றும் அறியாத இளைஞர் நாளொன்றுக்கு 2,300-க்கு மேற்பட்ட ஆணிகளை அடிக்கக் கண்டதாக இவர் பிற்காலத்திற் குறித்துள்ளார். நிலக்கரி அகழ்வோரும் உப்புக் காய்ச்சுவோரும் அக்காலத்து ஸ்காத்லாந்தில் உரிமையுடைய மக்களல்லர். அவர்கள் தாம் வேலை செய்யும் சுரங்கத்தோடும் உப்பளத்தோடும் சட்டத்தாற் பிணிக்கப்பட்டு, அவை விற்கப்படுங்கால் தாமும் உடன் கைம்மாறினர். 1775-ஆம் ஆண்டிற் பிறந்த ஒரு சட்டம் அத்தளையைத் தளர்த்தியது. 1799-ஆம் ஆண்டுச் சட்டமே அதனை முற்றும் அறுத்தது. சுதந்தரம் என்னும் சொல் ஸ்மித் வாயிலிருந்து வருங்கால், கட்டுண்ட ஏழைகளை அருகிலிருந்து கண்டவருடைய சொல்லாக அதனைக் கொள்ளல் வேண்டும்.

கல்விப் பயிற்சி

பதினான்காம் வயதில், 1737-ஆம் ஆண்டில், இவர் கிளாஸ்கோ சர்வகலாசாலையிற் சேர்ந்தார். அங்கே அறநூல் கற்பித்தவர் பிரான்சிஸ் ஹச்சிஸன் என்பவர். ஏனை ஆசிரியர் இலத்தீன் மொழியிற் பாடஞ் சொல்லிவந்த காலத்தில், மாணவர் எளிதில் உணரும் ஆங்கிலத்திலேயே சொல்லத் துணிந்தவர் அவர். தாம் அறிந்த மொழியில் உயர்ந்த பொருளைக் கேட்ட மாணவருள்ளம் எத்துணை மலர்ந்திருக்கும் என்பதனைத் தமிழ் பயிலும் யாம் நன்கு உணர்வோம். அவ்வாசிரியரை ஸ்மித் தம் வாழ்நாள் முழுவதும் மறந்திலர்.

பின்னர், உதவிச் சம்பளம் ஒன்று பெற்று, 1740-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு நகரத்துப் பேலியல் கல்லூரிக்குச் சென்றார். அங்குக் கழித்த ஆறாண்டும் இவர்க்கு மகிழ்ச்சி தந்தில. பேராசிரியர் பலர் பாடஞ் சொல்வதையே கைவிட்டிருந்தனர். கற்பிப்பினும் கற்பியாதொழியினும் ஊதியம் குறையாது கிடைத்தமையே அதற்குக் காரணம் என்று இவர் கருதினார். முயற்சியின்றி ஊதியம் பெறுவார் எவராயினும் சோம்பர் ஆவர் என்னும் எண்ணம் அப்பொழுதே இவருள்ளத்தில் வேரூன்றியது போலும்! எனினும் இவர் காலத்தை வீணாக்கினாரில்லை. நூல்நிலையத்தையே ஆசிரியராகக் கொண்டு கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகிய மொழிகளின் நூல்களைத் தாமே கற்றார்.

ஆசிரியப் பணி

1746-ஆம் ஆண்டில் தாய்நாடு திரும்பிய ஸ்மித், 1748 முதல் எடின்பரோவில் சொற்பொழிவுகள் நிகழ்த்தலானார். அவற்றின் பொருள் அணியிலக்கணமும் இலக்கியமுமாம். பொருணூலின் தந்தையெனப் போற்றப்படுபவர் முதற்கண் இலக்கிய ஆசிரியராக விளங்கினார் என்பது நம்போன்ற இலக்கிய மாணவர்க்குப் பெருமை தருவதன்றோ? தத்துவப் பேரறிஞராகிய டேவிட் ஹியூம் என்பவரோடு இவர்க்கு உண்டான நட்பும் இக்காலத்திலேயே முகிழ்த்தது.

1751-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் அளவைநூற் பேராசிரியராகவும், அடுத்த ஆண்டில் தம் ஆசிரியர் ஹச்சிஸன் வகித்த அறநூற் பேராசிரியராகவும் அமர்ந்தார். அங்குக் கழிந்த பதின்மூன்றாண்டுகளே தம் வாழ்வில் மிக இன்பமான காலம் என்று இவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர். பாடஞ் சொல்லத் தொடங்குங்கால் இவர் நா தடுமாறும். சிறிது நேரத்திற் பொருளோடு ஒன்றியபின் வெள்ளம்போற் பெருகும் என்பர். மறதி இவர்க்கு உடன்பிறந்தது. தனக்குத்தானே பேசிக்கொண்டு தெருவில் நடப்பார். ஒருகால் வீட்டு அங்கியோடு வெளிப்போந்து, சிந்தனையில் ஆழ்ந்தபடியே பதினைந்து மைல் நடந்துசென்றுவிட்டார் என்று ஒரு கதையும் உண்டு.

இக்காலத்து நிகழ்ச்சியொன்று இவர் கொள்கையை விளக்கவல்லது. பின்னாளில் நீராவி எந்திரத்தைத் திருத்தியமைத்துப் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட் என்பவர் அந்நாளில் கருவிகள் செய்து பிழைக்கக் கிளாஸ்கோ வந்த ஏழை இளைஞர். விதித்த ஆண்டளவும் ஒருவரிடம் தொழில் பயின்றிலர் என்னும் காரணங் காட்டி, நகரத்துத் தொழிற் குழுவினர் அவர் கடை வைக்க இசைந்திலர் என்பர். சர்வகலாசாலையார் 1757-ஆம் ஆண்டில் அவர்க்குத் தம் மதிலகத்தே ஒரு பட்டறை தந்து ஆதரித்தனர். அந்நாளில் அங்குப் பேராசிரியராய் இருந்தவருள் ஸ்மித்தும் ஒருவர். ஏழைக்கு உள்ள உடைமை அவன் இரு கைகளும் அவற்றின் திறமையுமே. அவற்றைப் பிறர்க்குத் தீங்கின்றிப் பயன்படுத்த ஒட்டாது தடுத்தல் களவினும் கொடிது என்பது இவர் கருத்து.

1759-ஆம் ஆண்டில் இவருடைய முதல் நூலாகிய அறவுணர்வுகளின் கோட்பாடு வெளிவந்தது. மனிதன் எத்துணைத் தன்னலம் உடையவனாயினும் பிறர் இன்ப துன்பங்களைத் தன்னவாகக் கருதிப் பார்க்கும் இயல்பு அவனுக்கு உண்டு என்பதும், நம் செயலை நடுநின்று நோக்கும் ஒருவனை நாமே உள்ளத்தில் அமைத்துக்கொண்டு அவன் தீர்ப்பிற்கு அஞ்சி ஒழுகுகின்றோம் என்பதும் அந்நூலின் சாரம். இவர் பொருளைப் பற்றி எழுதுமுன் அறத்தைப் பற்றி எழுதினார் என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். முன்னதை மறந்து பின்னதை மட்டும் கற்றவராலேயே இவர் பெயர்க்கு மாசு நேர்ந்தது.

பிரெஞ்சு நாட்டுச் செலவு

1764-ஆம் ஆண்டில், பக்ளூ என்னும் இளம்பிரபுவிற்கு ஆசிரியராய் உடன்சென்று அயல்நாடுகளைக் காட்டிவரும்படி இவரை வேண்டினர். வாழ்நாள் முழுவதும் ஆண்டுக்கு 300 பவுன் கிடைக்குமென்பதால் இவர் அதற்கு உடன்பட்டார். ஆண்டின் இடையிலே பாடத்தை விட்டுச் செல்ல நேர்ந்தமையால், மாணவர் தமக்கு அளித்திருந்த கட்டணத்தைத் திருப்பித் தர முற்பட்டார். மாணவரோ தாம் பெற்ற பயனுக்கு அது மிகையன்று என்று வாங்க மறுத்தனர். அப்பொழுது அருகே நின்ற மாணவன் ஒருவனுடைய சட்டையைப் பற்றி இழுத்து, அவன் பையிற் பணத்தைத் திணித்துவிட்டாராம். வேலை செய்யாது பெற்ற பணம் தமக்கு உரியதன்று என்பதில் அத்துணை உறுதி!

துலூஸ் நகரத்தில் தங்கியபோது பொழுது போக்குதற்கென்று ஒரு நூல் எழுதத் தொடங்கியதாக ஹியூமுக்கு எழுதினார். ஜினீவா நகர்ப்பக்கம் வால்டேரையும், பாரிஸ் மாநகரில் அரச மருத்துவரும் பொருணூலறிஞருமாகிய கெனே என்பவரையும், பின்னர் அமைச்சரான துர்கோவையும் கண்டு அளவளாவினார். நிலமே செல்வத்தின் ஊற்று என்றும், உழவன்மீதுள்ள தளைகளை நீக்குக என்றும் கெனே முதலாயினார் கூறிவந்தனர். நிலம் ஒன்றே செல்வத்தின் ஊற்று என்பதனை ஸ்மித் ஏற்றாரில்லை. தளை நீக்கத்தையோ பெரிதும் பாராட்டினார். 1766-ஆம் ஆண்டில் இளம்பிரபுவின் தம்பி பாரிஸிலேயே இறந்துபடவே, துயரத்தோடு தாயகம் மீண்டார்.

பின்னர்க் கர்க்காடியில் அன்னையாரோடு தங்கிப் பல்லாண்டு நூலெழுதுவதிலேயே முனைந்தார். 1772-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்தில் ஏயர் வங்கி என்னும் பெரிய பாங்கி முறிந்தது. மனம்போன போக்கிற் கடன் கொடுத்தும் காகித நாணயம் அடித்தும் வந்த அதன் வீழ்ச்சியாற் பல குடும்பங்கள் நிலைகுலைந்தன. பக்ளூ பிரபுவும் அதிற் பங்குடையவராதலின் பேரிழப்புற்றார். வாணிகத்தை விட்டுவிடின் தானே எல்லாம் நேர்படும் என்னும் குருட்டு நம்பிக்கை ஸ்மித்துக்கு இல்லாமைக்கு இவ்வனுபவமும் ஒரு காரணம் எனலாம். தீ பரவாதிருத்தற்பொருட்டு வீடுகளுக்கிடையே சுவர் எழுப்புக எனக் கட்டளையிடும் சட்டம் எத்தன்மையதோ, பாங்கிகளை அடக்கும் சட்டமும் அத்தன்மையது என்பது இவர் துணிபு. சிலருடைய சுதந்தரம் ஊர் முழுவதையும் எரிக்குமாயின் அதனை அடக்குதலே முறை.

அரிய நூல்

நாடுகளின் செல்வம் என்று சுருக்கமாக வழங்கும் இவருடைய பெருநூல் 1776-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 9-ஆம் நாள் இலண்டன் மாநகரில் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. ஆறு திங்களுக்குள் முதற் பதிப்பு விற்றுப்போயிற்று. ஆசிரியர் வாழ்நாளிலேயே ஐந்து பதிப்புக்கள் தோன்றின.

ஒரு நாட்டின் செல்வம் அரசன் கருவூலத்துப் பொன்னும் வெள்ளியுமல்ல. அந்நாட்டு மக்கள் உண்டும் உடுத்தும் பயன்கொள்ளும் பொருள்களே என்பது இந்நூலின் அடிப்படை. அச்செல்வம் பெருகும் வகையைக் குண்டூசியைக் காட்டி விளக்குகின்றார். பழக்கமில்லாத ஒருவன் தனித்து முயன்றால் நாளொன்றுக்கு இருபது ஊசி செய்தல் அரிது. ஒருவன் கம்பியை இழுக்க, ஒருவன் நிமிர்க்க, ஒருவன் வெட்ட, ஒருவன் கூராக்க, இவ்வாறு பத்துப்பேர் வேலையைப் பகுத்துக்கொண்டு செய்யுமிடத்து நாளொன்றுக்கு 48,000 ஊசிகள் ஆகின்றன. இப்பகுப்பு நிகழ வேண்டுமாயின் செய்த பொருளை விற்றற்குரிய சந்தை வேண்டும். சந்தை விரிய விரியத் தொழில் நுணுகும். தொழில் நுணுக நுணுகப் பொருள் மலியும். மலிந்த பொருள் ஏழைக்கும் எட்டும். கூலியாள் அணியும் முரட்டுக் கம்பளிச் சட்டைக்கும் ஆட்டிடையன் முதலாக எண்ணிறந்தோர் கைகள் உழைத்திருக்கின்றன. ஒருவரையொருவர் அறியாத அவர்களை ஒன்றுபடுத்தியது எவருடைய ஆணையுமன்று. தத்தம் வாழ்வைக் கருதி ஒவ்வொருவரும் செய்துகொண்ட பண்டமாற்றே. கண்ணுக்குப் புலனாகாத கை என்று உலகம் பெரிதும் எடுத்தாளும் அவ்வுவமை இப்பெருநூலில் ஒரே ஓரிடத்திற்றான் வருகின்றது என்பது அறியத்தக்கது.

இந்நூல் செல்வர்க்குப் பரிந்து எழுதப்பட்டதன்று என்பதற்குச் சான்றுகள் பல. மக்களிற் பெரும்பாலார் வறியராயிருக்கும் நாடு செழிப்புடைய நாடாகாது என்பது இவர் கொள்கை. ஏழை வயிறார உண்டால் வேலை செய்யான் என்று செல்வர் கூறிவந்த அந்நாளில், நல்ல கூலி பெறுபவனே ஊக்கமுடன் உழைப்பான் என்று எடுத்துக்காட்டினார். முதலாளிகள் கூலியை உயரவொட்டாது தமக்குள் எக்காலமும் மறைவாய்க் கூடியிருக்கின்றனர். தொழிலாளர் கூடினால் மட்டும் சட்டம் அவர்களைத் தண்டிக்கின்றது என்று குறைகூறினார். தொழிலாளர்க்கு நலம் பயக்கும் சட்டம் எப்பொழுதும் நேரியதே. முதலாளிகட்கு நலம் பயக்கும் சட்டமோ சிற்சில வேளையில் அவ்வாறன்று என்றும் எழுதினார். வேலை தேடிச் செல்லும் ஏழையை அவன் பிறந்த ஊருக்கே துரத்தும் சட்டத்தைக் கொடுமை என்றார். சரக்கு வண்டியினும் செல்வருடைய உல்லாச வண்டிக்குச் சாலை வரி மிகுதல் நன்று என்றார். வறுமை என்பது வயிற்றுப் பசி மட்டுமன்று. தன் ஊரில் நாணமின்றி வெளிப்போதற்குரிய சணற்சட்டையும் தோற்செருப்பும் இல்லாமையும் வறுமையே என்று நுண்ணிதின் உணர்ந்து கூறினார்.

இவர் நீக்க முயன்ற தடைகள் யாவை? அவற்றுட் பெரும்பாலன வணிகர்தாமே அரசினிடம் வேண்டிப் பெற்ற தனியுரிமைகள். தமக்குப் போட்டியின்றி விற்கவும், அயல்நாட்டுச் சரக்கைத் தடுக்கவும், புதியோர் தொழிலிற் புகாதிருக்கவும் அவர்கள் சட்டங்களை வேண்டினர். வணிகர் வகுப்பினின்று வரும் சட்டத்திட்டங்களை மிகுந்த ஐயத்தோடு நெடிது ஆராய்ந்தன்றி ஏற்றல் கூடாது என்று இவர் எச்சரித்தார். தனியுரிமைகளுட் கொடியதாக இவர் கண்டது கிழக்கிந்தியக் கம்பெனியின் உரிமையாம். ஒரே கூட்டத்தார் ஒரு நாட்டிற்கு வணிகரும் அரசருமாயின், வணிகரென்ற முறையில் மக்களிடம் மலிவாய் வாங்குவதே அவர் நோக்கமாகும். அரசரென்ற முறையில் மக்களை வளப்படுத்துவது அவர்க்கு இயலாது. 1770-ஆம் ஆண்டில் வங்காளத்தை அழித்த பெரும் பஞ்சத்தில், மழையின்மையால் நேர்ந்த குறைவைக் கொடும் பஞ்சமாக்கியது கம்பெனி ஊழியர் அரிசி வாணிகத்தில் விதித்த கட்டுப்பாடுகளே போலும் என்று எழுதினார். கம்பெனியார் சென்னையைக் காத்ததும் புதுச்சேரியைக் கைப்பற்றியதும் 1784-ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெறுகின்றன. அவ்வெற்றிகளின் பின் அவர்களுடைய கடன் பெருகியதையும் ஆட்சி சீர்கெட்டதையும் உடன் காட்டுகின்றார்.

அரசிற்கு இவர் விதித்த கடமைகள் மூன்று: பகைவரினின்று காத்தல், வலியார் மெலியாரை நலியாதவாறு நீதி செலுத்தல், தனியொருவர்க்கு இலாபம் தாராவாயினும் சமுதாயத்திற்கு இன்றியமையாத சாலை, பாலம், பள்ளி முதலியவற்றை அமைத்தல் என்பன. இவற்றுட் பள்ளியைப் பற்றி இவர் எழுதிய பகுதி உள்ளத்தை உருக்குவது. வேலைப் பகுப்பாற் செல்வம் பெருகுமென்று கூறிய இவரே, வாழ்நாள் முழுவதும் ஒரே சிறு வேலையைச் செய்பவன் அறிவு மழுங்கி, தன் நாட்டு நன்மை தீமைகளை ஆராயும் ஆற்றலையும் இழப்பான் என்று அஞ்சினார். அக்கேட்டைத் தவிர்க்க, ஸ்காத்லாந்தில் ஊர்தோறும் திருச்சபையைச் சார்ந்து நடைபெற்ற சிறு பள்ளிகளைப் போல எங்கும் அமைத்து, கூலியாளும் தரத்தக்க சிறு கட்டணத்தில் ஏழைச் சிறுவர்க்கு எழுத்தும் எண்ணும் கற்பித்தல் அரசின் கடன் என்றார்.

இறுதி நாட்கள்

1778-ஆம் ஆண்டில் இவர் எடின்பரோவிற் சுங்க ஆணையாளருள் ஒருவராக நியமிக்கப்பெற்றார். தடையிலா வாணிகத்தை வற்புறுத்தியவர் தடைகளைக் காக்கும் பணியில் அமர்ந்தமை வியப்பே. இறக்குமதி செய்யலாகாத பொருள்களின் பட்டியலைப் படித்தபின் தம் உடைகளை எடுத்துப் பார்த்தார். கழுத்துத் துணி முதலியவற்றிற் பெரும்பாலன அப்பட்டியலில் இருப்பதைக் கண்டு, அவற்றைத் தீயிலிட்டார் என்று அவரே ஒரு நண்பர்க்கு எழுதியுள்ளார். புதிய ஊதியம் கிடைத்தமையால் பக்ளூ பிரபு தரும் 300 பவுனை விட்டுவிட முன்வந்தார். பிரபுவோ அதற்கு இசைந்திலர். வருவாயிற் பெரும்பகுதியை எவரும் அறியாதவாறு அறத்திற்கு வழங்கிவந்தார் என்பது இவர் மறைந்த பின்னரே நண்பர்க்குத் தெரியவந்தது.

1784-ஆம் ஆண்டில் அன்னையார் இறந்தார். அத்துயரினின்று இவர் முற்றும் தேறினாரில்லை. 1787-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ சர்வகலாசாலையார் இவரைத் தம் தலைமைப் பதவிக்குத் தேர்ந்து சிறப்பித்தனர். உடல் தளர்ந்த நிலையிலும் இவர் தம் முதல் நூலைத் திருத்துவதில் முனைந்திருந்தார். 1790-ஆம் ஆண்டில் வெளிவந்த அப்பதிப்பிற் புதிதாக ஓர் இயல் சேர்த்தார். செல்வரையும் வலியோரையும் கண்டு வியந்து வழிபடுவதும், வறியோரை இகழ்ந்து புறக்கணிப்பதும் நம் அறவுணர்வுகள் கெடுதற்குப் பெருங்காரணம் என்பதே அவ்வியலின் பொருள். இறப்பதற்குச் சில நாள் முன்பு, முற்றுப்பெறாத தம் கையெழுத்துப் படிகள் பதினாறு தொகுதிகளை நண்பரைக்கொண்டு எரிப்பித்தார். 1790-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 17-ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். எடின்பரோவிற் கேனன்கேட் திருச்சபைக் கல்லறைத் தோட்டத்தில் இவருடல் அடக்கம் செய்யப்பெற்றது.

அவர்க்குப் பின்

ஸ்மித்தின் கொள்கை அவர் மறைந்தபின் உலகெங்கும் பரவியது. அதன் பயன் யாது என்பதை நடுநிலையோடு நோக்குதல் வேண்டும்.

தானிய இறக்குமதிமீது நிலக்கிழார் நலத்திற்காக விதிக்கப்பட்டிருந்த சட்டம் 1846-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நீக்கப்பட்டது. நாளடைவில் அயல்நாட்டுக் கோதுமை மிகுதியாய் வந்திறங்க, ஏழையின் ரொட்டி மலிவாயிற்று. இது நன்மையே. ஆனால் அதே நாட்டில் ஆலைகள் பெருகியபோது இளஞ் சிறுவர் நாளெல்லாம் எந்திரத்தருகே நின்று வாடினர். ஒன்பது வயதிற்குட்பட்ட சிறுவரை நெசவாலைகளில் அமர்த்தலாகாதென 1833-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியது. அதனை எதிர்த்த முதலாளிகள் வாணிக சுதந்தரத்தையே காரணங் காட்டினர். தொழிலாளர்க்கு நலம் பயக்கும் சட்டம் நேரியதே என்று ஸ்மித் எழுதியதை அவர் மறந்தனர் போலும்!

இதனினும் கொடியதொன்று நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் பாட்டன்மார் வழியாகக் கேள்விப்படாதார் இலர். அப்போது சென்னை ஆளுநராயிருந்த பக்கிங்காம் பிரபு அரசின் பொருளைக்கொண்டு தானியம் வாங்க முற்பட்டார். இராஜப்பிரதிநிதியாகிய லிட்டன் பிரபுவின் அரசோ தானிய வாணிகத்தில் தலையிடலாகாது என்று கடிந்து தடுத்தது. பஞ்ச நிவாரண வேலை செய்த கூலியாட்குக் கிடைத்தது நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் சிறிது காசுமே. புகைவண்டிகள் இருந்தன, வணிகர் இருந்தனர், தானியமும் விலைக்குக் கிடைத்தது. வாங்கக் காசில்லாத இலட்சக்கணக்கான மக்கள் மடிந்தனர்.

இப்பழியிற் சிறிதும் ஸ்மித்தைச் சாராது என்று கூறல் உண்மையாகாது. விலை உயருங்கால் மக்கள் சிக்கனமாய் உண்பர், அதனாற் கிடைத்த தானியம் அடுத்த அறுவடைவரை நின்று உதவும் என்று அவர் எழுதியது உண்டு. கையிற் காசுள்ளவனுக்கு அது பொருந்தும். மழை பொய்த்து வேலையும் இழந்த கூலியாளுக்குப் பொருந்தாது. சந்தை விலை பேசுவாரை அறியும். வெறுங்கையோடு நிற்பாரை அறியாது. உணவு இல்லாமையாலன்றி, உணவைப் பெறும் ஆற்றல் இல்லாமையாலும் பஞ்சம் நேரும் என்பதை அமார்த்ய சென் 1981-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் தெளிவுற நிறுவினார். ஸ்மித்தை மிகவும் மதித்துக் கற்ற சென்னே அவர் கூறாது விட்டதனை நிரப்பினார் என்பது குறிப்பிடத்தக்கது.

நம் காலத்து வரலாற்றையும் நோக்குவோம். சீன நாடு 1978 முதல் உழவர் தம் விளைவை விற்கவும், தொழில்கள் போட்டியோடு நடைபெறவும் இடந்தந்தது. அதன் பின்னர் நாற்பதாண்டில் ஏறக்குறைய 80 கோடி மக்கள் கொடிய வறுமையினின்று நீங்கினர் என்று உலக வங்கியார் கணக்கிட்டுள்ளனர். வியத்நாம் 1986 முதலும், நம் இந்திய நாடு 1991 முதலும் தளைகள் பலவற்றை நீக்கிச் செல்வம் பெருகக் கண்டன. இத்துணை விரைவில் இத்துணை மக்கள் வறுமை நீங்கியது முன்னர் என்றும் நிகழ்ந்ததன்று. ஆயினும் சீனத்தில் அதற்கு முன்னரே சிற்றூர்தோறும் பள்ளியும் மருத்துவமும் பரவியிருந்தன. சாலையும் துறைமுகமும் அரசாலே அமைந்தன. அன்றியும், பெருகிய செல்வம் எங்கும் ஒப்பப் பங்கிடப்படவில்லை. 2008-ஆம் ஆண்டில் மேல்நாட்டுப் பாங்கிகள் முறிந்து உலகமே தத்தளித்தபோது, தீச்சுவர் பற்றிய ஸ்மித்தின் எச்சரிக்கையைப் பலரும் நினைவுகூர்ந்தனர்.

முடிவுரை

தடையிலா வாணிகம் வறுமையைப் போக்குமா என்னும் வினாவிற்கு இவர் வாழ்க்கை தரும் விடை இதுவே எனத் தோன்றுகின்றது: போக்கும், ஆனால் தனித்து நின்று போக்காது. உழைப்பவன் கைகளைக் கட்டவிழ்த்து விடின் அவன் தன் வறுமையைத் தானே பெரிதும் நீக்கிக்கொள்வான். அவன் வழியில் தனியுரிமை பெற்ற செல்வர் குறுக்கே நில்லாதிருத்தல் வேண்டும். அவனுக்கும் நீதி கிடைத்தல் வேண்டும். அவன் பிள்ளைக்குப் பள்ளி வேண்டும். வேலையும் விளைவும் பொய்த்த நாளில் அவனைக் காக்கும் கை வேண்டும். முதல் மூன்றையும் ஸ்மித் தெளிவாகக் கூறினார். நான்காவதை நம் முன்னோர் பட்ட துன்பம் நமக்குக் கற்பித்திருக்கின்றது.

இவருடைய உருவம் 2007 முதல் சில ஆண்டுகள் இங்கிலாந்து வங்கியின் 20 பவுன் நோட்டில் விளங்கியது. பொருளைப் பற்றி எழுதியவரைப் பணத்தாளிற் பொறித்தல் பொருத்தமே. ஆயினும் தம் இறுதி ஆண்டில் தளர்ந்த கையால் இவர் எழுதிச் சேர்த்தது பணத்தின் பெருமையன்று. பணமுடையாரை வணங்கிப் பணமில்லாரை இகழும் நம் உள்ளத்தின் சிறுமையைப் பற்றியே. பட்டம் பெற்று அலுவலும் வாணிகமும் நாடிச் செல்லவிருக்கும் மாணவராகிய யாம், இவருடைய இரு நூல்களையும் ஒருங்கே கற்றல் வேண்டும். பெருநூல் பொருளீட்டும் வகையைக் கற்பிக்கும். முதல் நூல் பொருளில்லாதானை ஒப்பவனாக நோக்கும் கண்ணைத் தரும். இரண்டனுள் ஒன்று குறையினும் ஆடம் ஸ்மித்தை யாம் அறிந்தவராகோம்.